எலும்புக்குள் ஒரு தீப்பெட்டி

"மனித உடலில் உள்ள இரும்பைக் கொண்டு ஓர் ஆணி செய்யலாம், கொழுப்பைக் கொண்டு சில சோப்புக் கட்டிகள் செய்யலாம், பாஸ்பரஸைக் கொண்டு இரண்டாயிரம் தீக்குச்சிகள் செய்யலாம்." இத்தகைய துணுக்குகளை எங்கேனும் ஒரு பக்கத்தின் மூலையில் படிக்காதவர் இரார். படித்து வியக்கிறோம், அடுத்த பக்கத்தைப் புரட்டுகிறோம், மறந்துவிடுகிறோம்.

ஆனால் விருதுநகரிலிருந்து சிவகாசி செல்லும் சாலையில் உள்ள ஆமத்தூரிலும், அதைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் வாழ்வோர் இந்தத் துணுக்கை அவ்வாறு மறந்துவிட இயலாது. மழை குறைந்த இக்கரிசல் வட்டாரத்தில் தீக்குச்சியும் பட்டாசும் பல குடும்பங்களுக்குச் சோறளிக்கும் தொழில்கள். ஆகவே, உடலையும் விலங்குகளையும் அன்றாட வாழ்வையும் பற்றிய சில வியப்பான செய்திகளை நெருப்போடு தொடர்புபடுத்திக் காண்போம். வெறும் வியப்போடு நில்லாமல், நம் வீட்டுப் பிள்ளைகளின் கண்ணையும் காதையும் கையையும் காக்கும் ஒரு பாடமும் அவற்றில் அடங்கியிருப்பதை உணர்வோம்.

உடல் என்னும் பண்டகசாலை

எழுபது கிலோ எடையுள்ள ஒருவரின் உடலில் ஏறத்தாழ 700 கிராம் பாஸ்பரஸ் உள்ளது. அதில் நூற்றுக்கு எண்பத்தைந்து பங்கு எலும்புகளிலும் பற்களிலும் தங்கியிருக்கிறது. சுண்ணாம்புச் சத்து எனப்படும் கால்சியம் ஒரு கிலோ அளவில் உண்டு. கந்தகமும் பொட்டாசியமும் தனித்தனியே நூறு கிராமுக்கு மேல் உள்ளன. மக்னீசியம் இருபத்தைந்து கிராம் அளவும், இரும்பு நான்கு கிராம் அளவும் உள்ளன. கரிமமோ பத்துக் கிலோவுக்கும் மேல்.

இப்பெயர்களை மீண்டும் ஒருமுறை படித்துப் பாருங்கள். கருமருந்து எனப்படும் பழைய வெடிமருந்து எவற்றால் ஆனது? கரித்தூள், கந்தகம், வெடியுப்பு ஆகிய மூன்றால். அவற்றில் கரித்தூள் என்பது கரிமம். வெடியுப்பில் இருப்பது பொட்டாசியம். தீப்பெட்டியின் பக்கவாட்டில் இருப்பது பாஸ்பரஸ். கண்ணைக் கூசவைக்கும் வெள்ளொளி தருவது மக்னீசியம். மத்தாப்பில் பொறியாகப் பூப்பது இரும்புத்தூள். பட்டாசுக் கிடங்கில் உள்ள பல பொருள்கள் நம் தோலுக்குள்ளும் இருக்கின்றன!

அப்படியாயின் நாம் ஏன் வெடிப்பதில்லை? குழந்தைத்தனமான கேள்விபோல் தோன்றினும், இதற்கான விடையில்தான் இக்கட்டுரையின் உயிர் இருக்கிறது. உடலில் இவை தனித்தனிமமாக இல்லை. வேறு தனிமங்களோடு பிணைந்து அமைதியடைந்த கூட்டுப்பொருள்களாக இருக்கின்றன. மேலும், ஒவ்வொன்றும் தனக்குரிய அளவில், தனக்குரிய இடத்தில் உள்ளது. அளவும் இடைவெளியும் காக்கப்படும் வரையில் நெருப்பு அடங்கியிருக்கிறது.

சிறுநீரில் பிறந்த ஒளி

பாஸ்பரஸ் கண்டுபிடிக்கப்பட்ட வரலாறே ஒரு வியப்பு. 1669-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஹம்பர்க் நகரில் ஹென்னிக் பிராண்டு என்பவர், மலிவான உலோகங்களைப் பொன்னாக மாற்றும் வழியைத் தேடிக்கொண்டிருந்தார். ஏராளமான மனிதச் சிறுநீரைச் சேர்த்து, வற்றக் காய்ச்சி, கடும் வெப்பத்தில் வாட்டினார். பொன் கிட்டவில்லை, இருளில் தானாக ஒளிரும் மெழுகு போன்ற ஒரு பொருள் கிட்டியது. அதற்கு 'ஒளியைத் தாங்கி வருவது' என்று பொருள்படும் கிரேக்கப் பெயர் சூட்டப்பட்டது. பண்டைக் கிரேக்கர் விடிவெள்ளியை அழைத்த பெயரும் இதுவே.

நூறு ஆண்டுகள் கழித்து, எலும்பில் பாஸ்பரஸ் மிகுதியாக இருப்பதைச் சுவீடன் நாட்டு வேதியியல் அறிஞர்கள் கண்டறிந்தனர். அது முதல், இறந்த கால்நடைகளின் எலும்புகள் பாஸ்பரஸின் மூலப்பொருளாயின. 1827-இல் இங்கிலாந்தில் ஜான் வாக்கர் என்ற மருந்துக் கடைக்காரர் உராய்ந்தால் பற்றும் தீக்குச்சியை விற்கத் தொடங்கினார். அவருடைய குச்சியில் பாஸ்பரஸ் இல்லை. பின்வந்தவர்களே எளிதில் பற்றும் வெண்பாஸ்பரஸைச் சேர்த்தனர்.

வெண்பாஸ்பரஸ் கொடிய நஞ்சு. அதன் ஆவியை நாள்தோறும் சுவாசித்த தொழிலாளருக்குத் தாடை எலும்பு அழுகியது, முகம் சிதைந்தது, பலர் இறந்தனர். எலும்பிலிருந்து எடுத்த பொருள் எலும்பையே தின்றது! 1888-இல் இலண்டன் நகரின் தீப்பெட்டித் தொழிற்சாலை ஒன்றில் சிறுமிகளும் பெண்களும் வேலைநிறுத்தம் செய்தபோது, இக்கொடுமை உலகறிந்தது. 1906-இல் பெர்ன் நகரில் கூடிய நாடுகள் வெண்பாஸ்பரஸ் தீக்குச்சிகளைத் தடைசெய்ய உடன்பட்டன. இந்தியாவில் 1913-இல் அதற்கெனத் தனிச்சட்டம் இயற்றப்பட்டது.

சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தது 1920-களின் தொடக்கத்தில்தான். ஆகவே, நம் வட்டாரத்தில் இத்தொழில் வேரூன்றியபோது, வெண்பாஸ்பரஸ் ஏற்கெனவே சட்டத்தால் விலக்கப்பட்டிருந்தது. தாடை அழுகும் அந்த நோய் நம் ஊர்ப் பெண்களைத் தொடாமல் போனதற்கு, முகமறியாத இலண்டன் தொழிலாளப் பெண்களின் போராட்டமும் ஒரு காரணம் எனலாம்.

வண்டும் தீக்குச்சியும்

இனி, முதலில் சொன்ன துணுக்கில் உள்ள ஒரு பிழையைத் திருத்திக்கொள்வோம். இன்று நாம் பயன்படுத்தும் பாதுகாப்புத் தீக்குச்சியின் தலையில் பாஸ்பரஸே கிடையாது! தலையில் இருப்பவை பொட்டாசியம் குளோரேட்டு, கந்தகம், கண்ணாடித்தூள், பசை முதலியவை. அப்பசையும் பெரும்பாலும் விலங்குகளின் தோலையும் எலும்பையும் காய்ச்சிப் பெறும் வச்சிரமே. நச்சற்ற செம்பாஸ்பரஸோ பெட்டியின் பக்கவாட்டில் பூசப்பட்டிருக்கிறது. உரசும் அந்தக் கணத்தில் மட்டுமே இரண்டும் சந்திக்கின்றன. பாஸ்பரஸின் மிகச் சிறு துகள் பற்றிக்கொள்ள, குச்சியின் தலை தீப்பிடிக்கிறது.

ஒரே தலையில் எல்லாவற்றையும் கலந்து வைத்தமையால், பழைய தீக்குச்சிகள் சட்டைப்பைக்குள்ளேயே பற்றி எரிந்தன. பொருள்களை இரண்டாகப் பிரித்து வைக்கும் எளிய எண்ணத்தைச் சுவீடன் நாட்டுப் பேராசிரியர் குஸ்தாவ் எரிக் பாஷ் 1844-இல் பதிவு செய்தார். உலகின் எத்தனையோ அடுக்களைகளை அவ்வெண்ணம் காத்து வருகிறது.

ஆயினும், இந்த அறிவில் மனிதனை முந்திக்கொண்டது ஒரு வண்டு! குண்டெறியும் வண்டு என்று அதனை அழைக்கலாம். நம் நாட்டிலும் அவ்வினத்து வண்டுகள் உண்டு. அதன் வயிற்றின் பின்பகுதியில் அடுத்தடுத்து இரண்டு அறைகள் உள்ளன. ஓர் அறையில் ஹைட்ரோகுயினோன், ஹைட்ரஜன் பெராக்சைடு ஆகியவை கரைந்த நீர். மற்றோர் அறையில் அவற்றைக் கிளர்ந்தெழச் செய்யும் நொதிகள். பகை நெருங்கும்போது முதலறையின் வாயில் திறக்கிறது. கரைசல் இரண்டாம் அறைக்குள் பாய்கிறது. உடனே கொதிநீருக்கு இணையான வெப்பத்துடன் ஒரு நச்சுத் தாரை வெடியோசையோடு பீறிடுகிறது. தவளையும் எறும்பும் அலறி விலகுகின்றன. அத்தாரை தொடர்ந்து பாய்வதில்லை. நொடிக்கு ஏறக்குறைய ஐந்நூறு சிறு வெடிப்புகளாகப் பாய்கிறது. ஒவ்வொரு வெடிப்புக்கும் நடுவே அறை சற்றுக் குளிர்வதால், வண்டு தன் வயிற்றைத் தானே சுட்டுக்கொள்வதில்லை.

சிறு அளவு, தனித்தனி அறை, நடுவே ஓர் ஓய்வு. இம்மூன்றும் வண்டின் காப்பு. பட்டாசுத் தொழிலுக்கான விதிகளும் இதனையே வலியுறுத்துகின்றன: ஓர் அறையில் சிலர் மட்டுமே இருத்தல், குறைந்த மருந்தை மட்டுமே வைத்தல், அறைக்கும் அறைக்கும் நடுவே வெற்றிடம் விடுதல். பட்டாசில் குளோரேட்டையும் கந்தகத்தையும் ஒன்றாகக் கலத்தலாகாது என்ற தடையும் இவ்வகையதே. விபத்துகளை ஆராயும்போதெல்லாம், இவற்றுள் ஏதேனும் ஒன்று மீறப்பட்டிருப்பது அடிக்கடி வெளிப்படுகிறது.

அணையாத அடுப்பு

நம் உடலும் எரிகிறது, ஆனால் மெதுவாக. உண்ட சோற்றில் உள்ள மாவுப்பொருள் பிராணவாயுவோடு கூடி வெப்பமும் ஆற்றலும் தருகிறது. விறகு அடுப்பில் நிகழ்வதும் இதுவே. விறகு ஒரே பாய்ச்சலில் எரிகிறது. உடலோ அதே வேலையைப் பல சிறு படிகளாகப் பிரித்து, 37 பாகை வெப்பத்திலேயே முடித்துவிடுகிறது. சும்மா அமர்ந்திருக்கும் ஒருவரின் உடல், பழைய நூறு வாட்டு மின்விளக்கு அளவுக்கு வெப்பத்தை வெளிவிடுகிறது. திருமண வீட்டுக் கூடத்தில் புழுக்கம் ஏன் மிகுகிறது என்பதற்கு இதுவும் ஒரு விடை.

இந்த மெல்லிய எரிதலில் கிட்டும் ஆற்றலைச் சுமந்து செல்வதும் பாஸ்பரஸ் கலந்த ஒரு பொருளே. அது கணந்தோறும் சிதைந்து, கணந்தோறும் மீண்டும் உருவாகிறது. ஒரு நாளில் அவ்வாறு உருவாகும் அளவைக் கூட்டினால், ஏறத்தாழ நம் உடலெடைக்கே சமமாகும்!

மின்மினிப்பூச்சி இன்னும் ஒரு படி மேலே சென்றது. அதன் ஒளியில் சுடும் வெப்பம் ஏறக்குறைய இல்லை. அதனைக் கையில் ஏந்தும் குழந்தையின் விரல் சுடுவதில்லை. மத்தாப்பை ஏந்தும் குழந்தையின் நிலையோ வேறு.

கண்ணை ஏமாற்றும் மத்தாப்பு

கம்பி மத்தாப்பைச் சுழற்றினால் நெருப்பு வளையம் தெரிகிறதே, அது மத்தாப்பில் இல்லை. நம் கண்ணில் இருக்கிறது. கண்ணில் பட்ட ஒளியின் தோற்றம், ஒளி நகர்ந்த பின்னும் நொடியின் ஒரு சிறு பகுதி நீடிக்கிறது. அதனால் புள்ளி வளையமாகிறது. 

மத்தாப்புப் பொறி கையில் தெறித்தால் பெரும்பாலும் சுடுவதில்லை. ஆகவே மத்தாப்பே சுடாது என்று பிள்ளைகள் எண்ணிவிடுகின்றனர். பொறி மிகச் சிறிய துகளாதலால், அதில் அடங்கிய வெப்பத்தின் மொத்த அளவு குறைவு. கம்பியோ ஆயிரம் பாகை செல்சியசுக்கு அண்மையில் சூடேறுகிறது. கொதிநீர் நூறு பாகையே என்பதை நினைவிற்கொள்ளுங்கள். அணைந்த கம்பியைத் தரையில் எறியாமல், நீர் நிறைந்த வாளியில் இடவேண்டும் என்பது இதனாலேயே.

நம் கை விரைவானது என்ற நம்பிக்கையும் ஓரளவே உண்மை. சூடான பாத்திரத்தைத் தொட்டதும், வலியை மனம் உணருமுன்பே கை பின்வாங்கிவிடுகிறது. அக்கட்டளையைத் தருவது மூளையன்று. முதுகுத்தண்டில் உள்ள நரம்புவடம். எனினும் கண்ணால் கண்டு, மனத்தால் உணர்ந்து, கையை இழுப்பதற்கு நொடியில் ஐந்தில் ஒரு பங்கேனும் தேவை. திரியில்லாமல் கொட்டிக் கொளுத்தும் வெடிமருந்து அவ்வளவு நேரம் காத்திராது. வெடிக்காத பட்டாசுகளைப் பிரித்து, மருந்தைத் தாளில் கொட்டிப் பற்றவைக்கும் சிறுவர் விரலிழப்பதும் பார்வையிழப்பதும் துணிச்சல் குறைவாலன்று. உடலின் வேகம் அவ்வளவே என்பதால்தான்.

கோழிக்கு உண்டு, நமக்கு இல்லை

காதுக்குள் உள்ள அங்கவடி எலும்பு மூன்று மில்லிமீட்டர் அளவே உள்ளது. மனித உடலின் மிகச்சிறிய எலும்பு அதுவே. அதற்கும் உள்ளே, நத்தை ஓடு போன்ற பகுதியில், ஒரு காதுக்குப் பதினையாயிரம் அளவில் மயிரணுக்கள் உள்ளன. நாம் கேட்கும் ஒவ்வொரு சொல்லும் அவற்றின் அசைவால் மூளையை எட்டுகிறது. பிறக்கும்போது இருந்தவையே இறுதிவரை. பேரொலியால் அவை மடிந்தால், மனிதனுக்கு மீண்டும் முளைப்பதில்லை.

கோழிக்கோ முளைக்கின்றன! பேரோசையால் செவிடான கோழிக்குஞ்சுகளின் காதில் மயிரணுக்கள் சில வாரங்களில் புதிதாகத் தோன்றுவதை 1980-களின் பிற்பகுதியில் ஆய்வாளர் கண்டறிந்தனர். நம் முற்றத்தில் குப்பை கிளறும் கோழிக்கு வாய்த்த அந்தப் பேறு நமக்கு வாய்க்கவில்லை.

இந்திய விதிகளின்படி, வெடிக்கும் இடத்திலிருந்து நான்கு மீட்டர் தொலைவில் 125 டெசிபெலுக்கு மேல் ஒலியெழுப்பும் பட்டாசுகளுக்கு அனுமதியில்லை. இயல்பான பேச்சு 60 டெசிபெல். 125 என்பது அதைப்போல் இருமடங்கு என எண்ணிவிடலாகாது. பத்து டெசிபெல் கூடுந்தோறும் ஒலியாற்றல் பத்து மடங்காகிறது; எனவே ஏறத்தாழ முப்பது இலட்சம் மடங்கு! பேரொலி வந்தால் காதுக்குள் உள்ள சிறு தசைகள் இறுகி ஓரளவு தடுக்கும்; ஆனால் வெடியோசை அவை இறுகுமுன்பே உட்புகுந்துவிடுகிறது. கைக்குழந்தையை வெடிக்கும் இடத்திலிருந்து தொலைவில் வைத்திருப்பதே நல்ல காப்பு.

நாயின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. நாம் நொடிக்கு இருபதாயிரம் அதிர்வுகள் வரை கேட்கிறோம். நாய் ஏறத்தாழ நாற்பத்தைந்தாயிரம் வரை கேட்கிறது. வெடியின் ஓசையில் நாம் அறியாத பகுதிகளும் அதன் காதில் விழுகின்றன. திருவிழா நாளில் கட்டிலுக்கடியில் நடுங்கும் நாயைக் கோழையென்று நகைக்காமல், உள்ளறையில் இடமளிப்பதே முறை.

சேலையில் பிறக்கும் மின்னல்

பாலியெஸ்டர் ஆடையைக் களையும்போது சடசடவென ஒலி எழுவதையும், இருளில் சிறு பொறிகள் தெரிவதையும் கண்டிருப்பீர்கள். உராய்வால் உடலில் சேரும் நிலைமின்சாரம் அது. வறண்ட காற்றில் அது பல்லாயிரம் வோல்டு வரை உயரும். மின்னளவு மிகக் குறைவாதலால் உயிருக்குத் தீங்கில்லை. உண்மையில், இரண்டு மூன்றாயிரம் வோல்டுக்குக் குறைந்தால், பொறி பறந்ததையே நாம் உணர்வதில்லை.

நாம் உணராததை மருந்து உணர்ந்துவிடும் என்பதுதான் அச்சத்துக்குரியது. அலுமினியத்தூள் கலந்த நுண்ணிய கலவைகள் இத்தகைய சிறு பொறியாலும் பற்றக்கூடும். மருந்து அறையில் பணிபுரிவோர் பருத்தியாடை உடுத்தவேண்டும், உள்நுழையுமுன் நிலத்தோடு இணைத்த உலோகத் தகட்டைத் தொடவேண்டும் என்ற விதிகள் இதனால் எழுந்தவையே. பருத்திச் சேலை அங்கு ஆடை மட்டுமன்று, உயிர்க்காப்பு.

ஒளி முன்னே, ஓசை பின்னே

ஒளி நொடிக்கு மூன்று இலட்சம் கிலோமீட்டர் விரைகிறது. ஓசை சுமார் 340 மீட்டரே செல்கிறது. மின்னலைக் கண்டபின் இடியோசை கேட்கும்வரை எண்ணுங்கள். மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர் என்று தொலைவைக் கணக்கிடலாம். பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த செய்தி இது. ஆனால் இதனுள் ஒரு துயரமும் உண்டு.

1917 டிசம்பர் 6 அன்று, கனடா நாட்டின் ஹாலிஃபாக்சு துறைமுகத்தில் வெடிபொருள் ஏற்றிய கப்பலொன்று தீப்பற்றியது. தீயைக் காண மக்கள் வீட்டுச் சன்னல்களருகே நின்றனர். சற்று நேரத்தில் கப்பல் வெடித்தது. அதிர்வலை வந்து கண்ணாடிகளை நொறுக்கியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டதோடு, கண்ணாடிச் சில்லுகளால் பார்வையிழந்தோரும் மிகப் பலர். ஒளி கண்ணை அழைத்தது. பின்வந்த அலை கண்ணைப் பறித்தது.

2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நிகழ்ந்ததும் ஏறக்குறைய இதுவே. பட்டாசு ஆலையில் முதலில் தீ மூண்டது. உதவ ஓடியவர்களும், என்னவென்று பார்க்கச் சென்றவர்களும் நெருங்கினர். அடுத்தடுத்து வெடித்த கிடங்குகள் அவர்களையும் வாரிக்கொண்டன. அன்று முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களில் பலர் அந்த ஆலையில் வேலை செய்தவர்களே அல்லர். வெடிபொருள் எரியும் இடத்தில் முதல் ஓசையே கடைசி ஓசை என்று எண்ணலாகாது. புகை தெரிந்தால் விலகிச் செல்லுதல், கண்ணாடிச் சன்னலைவிட்டு அகலுதல், தீயணைப்புத் துறைக்குத் தெரிவித்தல் ஆகியவற்றை ஒவ்வொரு வீட்டிலும் பிள்ளைகளுக்குக் கற்பிக்க வேண்டும்.

இடைவெளி காத்த ஊர்

இடைவெளியைத் துயரத்தால் மட்டுமே கற்கவேண்டுமென்பதில்லை. சிவகங்கை மாவட்டத்தில், 1977-இல் அறிவிக்கப்பட்ட வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை அடுத்துள்ள கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் பல பத்தாண்டுகளாகப் பட்டாசு வெடிப்பதில்லை. அங்குக் கண்மாய் மரங்களில் கூடுகட்டிக் குஞ்சு பொரிக்கும் நத்தைகுத்தி நாரைகளும் அரிவாள்மூக்கன்களும் அஞ்சிப் பறந்துவிடலாகாது என்பதற்காகவே இந்த நோன்பு. அதனைப் பாராட்டி, தீபாவளி நாளில் வனத்துறையினர் அம்மக்களுக்கு இனிப்பு வழங்குவதும் உண்டு. ஒரு நாள் மகிழ்ச்சியைப் பறவைகளுக்காகத் துறந்த பிள்ளைகள் அவ்வூரில் தலைமுறையாக வளர்கின்றனர்.

பட்டாசையே வெறுக்க வேண்டுமென்பது இதன் பொருளன்று. நம் வட்டாரத்தில் எத்தனையோ அடுப்புகள் அத்தொழிலால்தான் எரிகின்றன. அதற்குரிய அளவையும் இடைவெளியையும் நாம் அளிக்கவேண்டும் என்பதே பொருள். தீக்காயம் பட்டால், மையோ பற்பசையோ மாவோ பூசாமல், ஓடும் குளிர்ந்த நீரில் இருபது நிமிடம் காட்டுங்கள், பனிக்கட்டி வேண்டாம், பிறகு மருத்துவரை நாடுங்கள். தீப்பெட்டியைச் சிறுவர் கைக்கெட்டாத உயரத்தில் வையுங்கள். மருந்தைக் கொட்டி விளையாட ஒருபோதும் இடமளியாதீர்கள்.

வண்டுக்கு இரண்டு அறை தேவைப்பட்டது; தீக்குச்சிக்குப் பெட்டியின் ஓரம் தேவைப்பட்டது; நம் எலும்பு தன் 700 கிராம் நெருப்பைச் சுண்ணாம்போடு பிணைத்து வைத்திருக்கிறது. நெருப்போடு அன்றாடம் பழகும் மனிதருக்கும் அவர்களுடைய பிள்ளைகளுக்கும் அதே அளவு காப்பு கிடைக்கச் செய்வது நம் எல்லாருடைய கடமையுமாகும்.